பயனர் குழுக்கள் வழியாக நிறுவனச் செயலிகளின் அணுகல் கட்டுப்பாடு

பயனர் குழு என்பது ஒரே வகையான அனுமதி தேவைப்படும் பயனர்களை ஒரு பெயரின் கீழ்த் தொகுத்து வைக்கும் பட்டியல் ஆகும். ஊதியக் கணக்கு, சரக்கு இருப்பு, வருகைப் பதிவு, வாடிக்கையாளர் விவரம் போன்றவற்றுக்காக நிறுவனங்கள் தமக்குள் செயலிகளைப் பயன்படுத்துகின்றன. அச்செயலிகளை யார் திறக்கலாம், திறந்தபின் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்பதை இக்குழுக்களைக் கொண்டு வரையறுக்கின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுமதி தருவதற்குப் பதிலாகக் குழுவுக்கு அனுமதி தரப்படுகிறது. ஒருவர் குழுவில் இருக்கும்வரை அந்த அனுமதி அவருக்கு உண்டு. குழுவிலிருந்து நீக்கப்பட்டால் அனுமதியும் நீங்கும்.

கருத்து எளிதுதான். ஆனால் நடைமுறையில் குழுவில் சேர்க்கும் வேலை பெரும்பாலும் தவறாமல் நடக்கிறது. நீக்கும் வேலைதான் விட்டுப்போகிறது. சேர்க்காவிட்டால் ஒருவருடைய வேலை நின்றுவிடும், அவர் உடனே வந்து கேட்பார். நீக்காவிட்டால் யாரும் வந்து கேட்பதில்லை. அணுகல் கட்டுப்பாட்டில் நேரும் கோளாறுகள் பலவற்றுக்கு இதுவே வேர். குழுக்கள் இயங்கும் விதத்தையும் இக்குறையைத் தவிர்க்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தனிச் செயலி என்றால் என்ன?

பொதுமக்கள் எவரும் பதிவிறக்கிப் பயன்படுத்தக்கூடிய செயலி பொதுச் செயலி. ஒரு நிறுவனத்தின் பணியாளர்கள் மட்டும் பயன்படுத்துவதற்காக உருவாக்கப்பட்டது தனிச் செயலி. இது உலாவியில் திறக்கும் வலைச் செயலியாகவோ கைபேசியில் நிறுவும் செயலியாகவோ இருக்கலாம். கைபேசிச் செயலிகளைப் பணியாளர்களிடம் மட்டும் சேர்ப்பதற்கு ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் தனி வழிகள் உள்ளன. கூகுள் பிளேயின் நிறுவனப் பதிப்பில் ஒரு செயலியைக் குறிப்பிட்ட நிறுவனத்தாரின் கண்ணுக்கு மட்டும் தெரியுமாறு வெளியிடலாம். ஆப்பிளும் நிறுவனங்களுக்கென்று தனி உருவாக்குநர் திட்டம் ஒன்றை நடத்துகிறது.

இந்த எல்லை மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2019 ஜனவரியில் நடந்த நிகழ்ச்சி ஓர் எடுத்துக்காட்டு. ஆப்பிளின் நிறுவனத் திட்டத்தில் தரப்படும் சான்றிதழைப் பணியாளர்களுக்கான செயலிகளுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. பேஸ்புக் நிறுவனம் அச்சான்றிதழைக் கொண்டு, பணம் கொடுத்து வெளியாட்களின் கைபேசிப் பயன்பாட்டை அறியும் ஓர் ஆய்வுச் செயலியை வழங்கியது தெரியவந்தது. ஆப்பிள் அந்தச் சான்றிதழை ரத்து செய்தது. அதே சான்றிதழை நம்பியிருந்த பேஸ்புக்கின் உட்செயலிகளும் ஐபோன்களில் இயங்காமல் போயின. ஓரிரு நாட்களில் சான்றிதழ் மீண்டும் கிடைத்தது. செயலியை யாரிடம் சேர்ப்பது என்பது நிறுவனத்தின் வெளி மதிலைப் போன்றது. உள்ளே வந்தவர் எந்த அறைக்குப் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது பயனர் குழு.

இரண்டு கேள்விகள்

ஒருவர் செயலியைத் திறக்கும்போது கணினி இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறது.

முதல் கேள்வி: இவர் யார்? கடவுச்சொல், கைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீடு, கைரேகை ஆகியவை இதற்கு விடை தருகின்றன. இதனை அடையாளம் உறுதிசெய்தல் என்பர்.

இரண்டாம் கேள்வி: இவர் என்ன செய்யலாம்? இதற்கு விடை தருவது அனுமதி வழங்கல். பயனர் குழுக்களுக்கு வேலை இருப்பது இங்கேதான்.

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது பொதுவான குழப்பம். பள்ளிக்குள் நுழையும்போது அடையாள அட்டை காட்டுவது முதல் கேள்விக்கு விடை. அதே அட்டையை வைத்திருப்பதனால் வினாத்தாள் பூட்டிய அலமாரியைத் திறந்துவிட முடியாது. ஒருவர் நம்மவர் என்று உறுதியாவது வேறு. எல்லா அறையும் அவருக்குத் திறப்பது வேறு.

குழு ஏன் தேவை?

200 பேர் வேலை செய்யும் ஓர் உற்பத்தி நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கு வருகைப் பதிவு, விடுப்பு விண்ணப்பம், ஊதியம், சரக்கு இருப்பு, கொள்முதல், விற்பனை, கணக்கு, நிர்வாக அறிக்கை என 8 செயலிகள் உள்ளன. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு செயலிக்கும் அனுமதி உண்டா இல்லையா என்று தனித்தனியே முடிவு செய்தால் 200 × 8 = 1600 முடிவுகள் எடுக்க வேண்டும். யாராவது பணி மாறும்போதெல்லாம் அவருக்குரிய எட்டையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

இப்போது அனைத்துப் பணியாளர், மனிதவளம், கணக்கு, கொள்முதல், கிடங்கு, விற்பனை, மேலாளர்கள் என 7 குழுக்களை அமைப்போம். எந்தக் குழுவுக்கு எந்தச் செயலி என்பதற்கு 7 × 8 = 56 முடிவுகள் போதும். அந்த 56 முடிவுகளும் அடிக்கடி மாறுவதில்லை. மாறுவது யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பது மட்டுமே.

எண்ணிக்கை குறைவது ஒரு பயன். அதைவிடப் பெரிய பயன், முடிவுக்கு ஒரு காரணம் கிடைப்பது. 1600 கட்டங்கள் கொண்ட பட்டியலில் ஒருவருக்கு ஊதியச் செயலி ஏன் திறந்திருக்கிறது என்று கேட்டால் விடை சொல்வது கடினம். குழு முறையில் "அவர் மனிதவளப் பிரிவில் இருக்கிறார்" என்பது விடை. அந்த விடை இன்றும் உண்மையா என்று யாரும் சரிபார்க்கலாம்.

வரலாறு

பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட காலத்திலேயே இத்தேவை எழுந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான யுனிக்ஸ் இயக்குதளம் 1970களில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று வகையினரைப் பிரித்தது: கோப்பின் உரிமையாளர், அவரது குழு, மற்றவர்கள். படிக்கும் அனுமதிக்கு 4, எழுதும் அனுமதிக்கு 2, இயக்கும் அனுமதிக்கு 1 என்று மதிப்பளித்துக் கூட்டினால் ஒவ்வொரு வகையினருக்கும் ஓர் இலக்கம் கிடைக்கும். 640 என்று குறிக்கப்பட்ட கோப்பை உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. லினக்ஸில் இன்றும் இம்முறை வழக்கில் உள்ளது.

தொடக்கக்கால யுனிக்ஸில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு குழுவின் உறுப்பினராக மட்டுமே செயல்பட முடிந்தது. 1983இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி பதிப்பில் ஒருவர் ஒரே நேரத்தில் பல குழுக்களில் இருக்கும் வசதி வந்தது. ஒரே மனிதர் பல பொறுப்புகளைச் சுமப்பது இயல்பு என்பதைக் கணினி ஏற்றுக்கொண்ட மாற்றம் இது.

இதற்கிடையில் 1975இல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகிய கணினி அறிவியலாளர்கள் தகவல் பாதுகாப்புக்கான வடிவமைப்புக் கொள்கைகளை ஒரு கட்டுரையில் தொகுத்தனர். அவற்றுள் மூன்று இக்கட்டுரையின் பொருளுக்கு நெருக்கமானவை:

- குறைந்தபட்ச உரிமை: ஒருவருக்கு அவருடைய வேலைக்குத் தேவையான அளவு மட்டுமே அனுமதி தர வேண்டும்.
- பாதுகாப்பான இயல்புநிலை: எதுவும் சொல்லப்படாதபோது விடை "இல்லை" என்பதாக இருக்க வேண்டும்.
- முழுமையான சோதனை: ஒவ்வொரு முறை அணுகும்போதும் அனுமதி சரிபார்க்கப்பட வேண்டும்.

1992இல் அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் குன் ஆகியோர் பணிநிலை சார்ந்த அணுகல் கட்டுப்பாடு என்னும் மாதிரியை முன்வைத்தனர். 1996இல் ரவி சாந்துவும் உடன் ஆய்வாளர்களும் அதனை விரிவுபடுத்தினர். 2004இல் அது அமெரிக்கத் தேசியத் தரநிலையாக ஏற்கப்பட்டது. குழு என்பது ஆட்களின் தொகுப்பு. பணிநிலை என்பது அனுமதிகளின் தொகுப்பு. ஒரு குழுவுக்கு ஒரு பணிநிலையை இணைக்கும்போது இவ்விரண்டும் சந்திக்கின்றன. அன்றாடப் பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே சொல்வது வழக்கம்.

இயங்கும் விதம்

நிறுவனத்தின் பயனர்கள், குழுக்கள் ஆகியோரின் பட்டியல் ஓர் அடைவில் வைக்கப்படுகிறது. விண்டோஸ் 2000 பதிப்புடன் அறிமுகமான மைக்ரோசாப்டின் ஆக்டிவ் டைரக்டரி இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. அதன் மேகக் கணிமை வடிவமான அசூர் ஆக்டிவ் டைரக்டரிக்கு 2023இல் என்ட்ரா ஐடி என்று பெயர் மாற்றப்பட்டது. கூகுள் வொர்க்ஸ்பேஸ், ஆக்டா போன்றவையும் இதே பணியைச் செய்கின்றன.

பொதுவாக நடக்கும் வரிசை இது:

1. பணியாளர் செயலியைத் திறக்கிறார்.
2. செயலி அவரை அடைவின் நுழைவுப் பக்கத்துக்கு அனுப்புகிறது.
3. அடைவு அவருடைய அடையாளத்தை உறுதிசெய்து, டோக்கன் எனப்படும் ஓர் அனுமதிச் சீட்டைத் தருகிறது. அதில் அவர் யார் என்பதும், அமைப்பைப் பொறுத்து அவருடைய குழுக்களும் எழுதப்பட்டிருக்கும். இடையில் யாரும் திருத்த முடியாதபடி அதில் எண்மக் கையொப்பமும் இருக்கும்.
4. செயலியின் வழங்கி அந்தச் சீட்டைச் சரிபார்த்து, குழுவுக்குரிய பக்கங்களை மட்டும் திறக்கிறது.

இந்தச் சீட்டுப் பரிமாற்றத்துக்குப் பொதுத் தரங்கள் உள்ளன. 2005இல் வந்த சாம்ல் 2.0, 2014இல் வந்த ஓபன் ஐடி கனெக்ட் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. வெவ்வேறு நிறுவனங்கள் உருவாக்கிய செயலிகள் ஒரே அடைவை நம்பி இயங்குவதற்கு இத்தரங்களே காரணம்.

மறைத்தல் பூட்டுதல் ஆகாது

ஊதியச் செயலியின் சின்னத்தை மற்றவர்களின் திரையில் காட்டாமல் விடுவது பாதுகாப்பு என்று சிலர் எண்ணுவதுண்டு. சின்னத்தை மறைத்தாலும் அந்தப் பக்கத்தின் முகவரி தெரிந்த ஒருவர் அதை நேராக உலாவியில் தட்டச்சு செய்து திறக்க முடியும் என்றால், அங்குப் பூட்டே இல்லை என்றுதான் பொருள். அனுமதிச் சோதனை பயனரின் திரையில் அன்றி வழங்கியில் நடக்க வேண்டும். பக்கத்தைத் திறக்கும்போது மட்டுமன்றி ஒவ்வொரு விவரத்தைக் கேட்கும்போதும் நடக்க வேண்டும். சால்ட்சரும் ஷ்ரோடரும் சொன்ன முழுமையான சோதனை இதுவே.

வலைச் செயலிகளின் பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிடும் ஓவாஸ்ப் என்னும் அமைப்பு, 2017இல் ஐந்தாம் இடத்தில் இருந்த அணுகல் கட்டுப்பாட்டுக் குறையை 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடத்தில் வைத்தது. கடவுச்சொல் வலுவாக இருந்தும் உள்ளே வந்தவரைச் சரியாகத் தடுக்காத செயலிகள் எவ்வளவு பரவலாக உள்ளன என்பதை இது காட்டுகிறது.

குழுக்களை வகுக்கும் முறை

குழுக்களை அமைப்பதில் பின்வருவன கவனிக்கத்தக்கவை.

பணியின் பெயரில் குழு: குழுவுக்கு ஆளின் பெயரையோ "சிறப்பு", "மற்றவை", "தற்காலிகம்" போன்ற பெயரையோ வைக்கக் கூடாது. "கிடங்கு - இருப்புப் பதிவு", "கிடங்கு - பார்வை மட்டும்" என்று செயலும் அளவும் தெரியும் பெயர் நல்லது. ஐந்து ஆண்டு கழித்துப் பொறுப்பேற்கும் நிர்வாகி பெயரைப் படித்தவுடனே அக்குழு எதற்கு என்று அறிய வேண்டும்.

இரண்டு அடுக்கு: மைக்ரோசாப்ட் அமைப்புகளில் நெடுங்காலமாகப் பரிந்துரைக்கப்படும் முறை ஒன்று உண்டு. ஆட்களைப் பணி சார்ந்த குழுவில் சேர்ப்பது முதல் அடுக்கு. அந்தக் குழுவை அனுமதி சார்ந்த குழுவில் சேர்ப்பது இரண்டாம் அடுக்கு. செயலிக்குரிய அனுமதி இரண்டாம் அடுக்குக்கு மட்டும் தரப்படும். ஆள் மாறினால் முதல் அடுக்கையும் செயலி மாறினால் இரண்டாம் அடுக்கையும் தொட்டால் போதும்.

குழுவுக்குள் குழு: இது வசதியானது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இயங்குவதில்லை. என்ட்ரா ஐடியில் ஒரு செயலியை ஒரு குழுவுக்கு ஒதுக்கினால், அக்குழுவில் நேரடியாக இருப்பவர்களுக்கே அது கிடைக்கும். உள்ளே அடங்கிய துணைக் குழுவினருக்குக் கிடைக்காது. இதை அறியாதவர்கள் செயலி கெட்டுவிட்டது என்று நினைத்து, அவசரத்தில் ஆட்களுக்கு நேரடி அனுமதி தந்துவிடுவதுண்டு. பின்னர் அந்த நேரடி அனுமதி யாருடைய நினைவிலும் இருக்காது.

தானாக மாறும் குழு: பணியாளர் விவரத்தில் உள்ள துறைப் பெயரைப் பார்த்து அடைவே உறுப்பினர்களைச் சேர்க்கவும் நீக்கவும் செய்யலாம். துறை "கணக்கு" என்பதிலிருந்து "விற்பனை" என்று மாறியவுடன் குழுவும் மாறும். மனிதவளப் பிரிவு விவரத்தைச் சரியாக வைத்திருந்தால் இம்முறை மிகவும் பயன் தரும். விவரம் தவறாக இருந்தால் அனுமதியும் தவறாகவே இருக்கும்.

அளவு மீறாமை: குழுக்கள் மிகுந்தாலும் சிக்கலே. ஒருவர் நூற்றுக்கணக்கான குழுக்களில் இருந்தால் எல்லாப் பெயர்களும் அனுமதிச் சீட்டில் அடங்காது. என்ட்ரா ஐடி தரும் சாம்ல் சீட்டில் 150 குழுக்களும் ஓபன் ஐடி கனெக்ட் சீட்டில் 200 குழுக்களும் உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் செயலி அடைவிடம் தனியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்களைவிடக் குழுக்கள் அதிகமாகிவிட்ட நிறுவனத்தில் குழு முறையின் பயனே போய்விடும்.

ஒரே கையில் இரண்டு சாவி

சில அனுமதிகள் தனித்தனியே இருந்தால் தீங்கில்லை. ஒருவரிடமே சேர்ந்தால் ஆபத்து. கொள்முதல் விலைப்பட்டியலைப் பதிவு செய்பவரும் அதற்குப் பணம் வழங்க ஒப்புதல் தருபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. இதனைக் கடமைப் பிரிப்பு என்பர்.

இதன் அருமையை உலகுக்கு உணர்த்தியது பேரிங்ஸ் வங்கியின் வீழ்ச்சி. 1762இல் தொடங்கப்பட்ட இந்த லண்டன் வங்கியின் சிங்கப்பூர்க் கிளை நிறுவனத்தில் நிக் லீசன் என்பவர் பங்குச் சந்தை ஒப்பந்தங்களைச் செய்யும் பொறுப்பையும், அவற்றைச் சரிபார்த்துக் கணக்கு முடிக்கும் பொறுப்பையும் சேர்த்தே வைத்திருந்தார். நட்டங்களை 88888 என்ற எண்ணுள்ள கணக்கில் மறைத்தார். இரண்டு பொறுப்பும் ஒருவரிடம் இருப்பது ஆபத்து என்று 1994இல் நடந்த உள்தணிக்கை சுட்டிக்காட்டியது. ஆனால் அவை பிரிக்கப்படவில்லை. 1995 பிப்ரவரியில் உண்மை வெளிவந்தபோது நட்டம் 82.7 கோடி பவுண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த வங்கி 1 பவுண்டு விலைக்கு நெதர்லாந்தின் ஐஎன்ஜி நிறுவனத்துக்குக் கைமாறியது.

அன்று அந்தப் பிரிப்பைக் காகிதத்தில் செய்திருக்கலாம். இன்று அதைக் குழுக்களாலேயே செய்யலாம். "பணம் - பதிவு", "பணம் - ஒப்புதல்" என்று இரண்டு குழுக்கள் அமைத்து, ஒருவர் இரண்டிலும் இருக்க இயலாதபடி விதி வைக்கலாம். 2004ஆம் ஆண்டுத் தரநிலையில் இத்தகைய விதிக்கு இடம் உண்டு. உறுப்பினரை நேர்மையற்றவர் என்று ஐயுறுவதனால் இவ்விதி வைக்கப்படுவதில்லை. நேர்மையானவரின் மீது பழி விழாமலும் இது காக்கிறது.

சேர்தல், மாறுதல், விலகல்

ஒரு பணியாளரின் காலத்தை மூன்று கட்டமாகப் பிரிக்கலாம்.

சேரும்போது அவருக்குரிய குழுக்களில் சேர்க்கப்படுகிறார். இங்குத் தவறு நேர்ந்தால் அன்றே தெரிந்துவிடும்.

பணி மாறும்போது புதிய குழுவில் சேர்க்கப்படுகிறார். பழைய குழுவிலிருந்து நீக்க வேண்டியது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. "ஒரு மாதம் பழைய வேலையையும் பார்த்துக்கொள்ளட்டும்" என்று விடப்படும் அனுமதி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. மூன்று துறைகளில் பணியாற்றி வந்த ஒருவரிடம் மூன்று துறைகளின் அனுமதியும் குவிந்திருக்கும். அவரே விரும்பாவிட்டாலும், அவருடைய கடவுச்சொல் திருடுபோனால் மூன்று துறைகளும் திருடனுக்குத் திறந்துவிடும். மேற்சொன்ன கடமைப் பிரிப்பும் இவ்வழியில்தான் சத்தமின்றிக் குலைகிறது.

விலகும்போது எல்லாக் குழுக்களிலிருந்தும் நீக்கிக் கணக்கை முடக்க வேண்டும். அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தில் 2021 மே மாதம் நடந்தது, கைவிடப்பட்ட கணக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதைக் காட்டியது. தொலைவிலிருந்து நிறுவன வலையமைப்புக்குள் நுழைய உதவும் பழைய கணக்கு ஒன்று பயன்பாட்டில் இல்லாதபோதும் முடக்கப்படாமல் இருந்தது. அதற்குக் கடவுச்சொல் மட்டுமே காவல். இரண்டாம் கட்டச் சோதனை இல்லை. அக்கணக்கு வழியாகத் தாக்குநர்கள் உள்ளே நுழைந்தனர். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைக்குத் தேவையான எரிபொருளில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டு செல்லும் குழாய்த்தடம் சில நாட்கள் நிறுத்தப்பட்டது. நிறுவனம் 75 பிட்காயின் கப்பம் கட்டியது. அதில் பெரும்பகுதியை அமெரிக்க அரசு பின்னர் மீட்டது.

மூன்று கட்டங்களையும் தானாக இணைப்பதற்கு ஸ்கிம் என்னும் தரம் உள்ளது. இதன் 2.0 பதிப்பு 2015இல் வெளியானது. அடைவில் ஒருவரை நீக்கியதும், இணைக்கப்பட்ட எல்லாச் செயலிகளிலும் அவருடைய கணக்கு முடங்குமாறு இது செய்கிறது.

நீக்கியதும் உடனே நடக்குமா?

குழுவிலிருந்து ஒருவரை நீக்கிய நொடியிலேயே அவருக்குக் கதவு மூடிவிடும் என்று கருத முடியாது. ஏற்கனவே பெற்ற அனுமதிச் சீட்டு காலாவதி ஆகும்வரை செல்லும். என்ட்ரா ஐடியில் இக்காலம் இயல்பாக 60 முதல் 90 நிமிடம். விண்டோஸ், லினக்ஸ் கணினிகளில் குழு விவரம் உள்நுழையும்போது எடுக்கப்படுவதால், வெளியேறி மீண்டும் நுழைந்த பின்பே மாற்றம் தெரியும். குழுவில் புதிதாகச் சேர்த்தவருக்கு உடனே செயலி திறக்காமல் போவதற்கும் இதுவே காரணம்.

வழக்கமான பணிமாற்றத்தில் இத்தாமதம் பொருட்டில்லை. ஒருவர் தகராறில் வெளியேற்றப்படும்போதும், கடவுச்சொல் திருடுபோனது தெரியவரும்போதும் அந்த ஒரு மணி நேரம் மிகப் பெரியது. அப்போது குழு நீக்கத்தோடு நிற்காமல், கணக்கை முடக்கி, நடப்பில் உள்ள எல்லா அமர்வுகளையும் ரத்து செய்ய வேண்டும்.

காலமுறை மீளாய்வு

எவ்வளவு கவனமாக அமைத்தாலும் பட்டியல் காலப்போக்கில் உண்மையிலிருந்து விலகும். ஆகவே குறிப்பிட்ட இடைவெளியில், எடுத்துக்காட்டாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு குழுவின் பொறுப்பாளரும் உறுப்பினர் பட்டியலைப் படித்து உறுதிசெய்ய வேண்டும். அப்போது கேட்க வேண்டிய கேள்விகள்:

- இவர் இன்னும் நிறுவனத்தில் இருக்கிறாரா?
- இதே வேலையில் இருக்கிறாரா?
- இந்தச் செயலியைக் கடந்த சில மாதங்களில் பயன்படுத்தினாரா?
- ஒன்றாக இருக்கக் கூடாத இரண்டு குழுக்களில் இருக்கிறாரா?
- குழு வழியாக அன்றி நேரடி அனுமதி பெற்றவர் யாரேனும் உண்டா?
- நிர்வாகிகளின் குழுவில் எத்தனை பேர்? அத்தனை பேர் தேவையா?

கணினிப் பிரிவு மட்டும் இவ்வேலையைச் செய்ய இயலாது. கணக்குப் பிரிவில் யார் என்ன வேலை பார்க்கிறார் என்பது கணக்குப் பிரிவுத் தலைவருக்கே தெரியும். எனவே ஒவ்வொரு குழுவுக்கும் பெயர் குறிப்பிட்ட பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். பொறுப்பாளர் இல்லாத குழு நாளடைவில் கேட்பார் அற்றதாகிவிடும். தற்காலிக அனுமதி தரும்போதே முடியும் நாளையும் குறித்துவிடுவது மீளாய்வின் சுமையைக் குறைக்கும். பல அடைவுகளில் இதற்கு வசதி உண்டு.

சட்டக் கடமை

நிறுவனச் செயலிகளில் இருப்பவை வெறும் கணக்குகள் அல்ல. பணியாளரின் ஊதியம், வங்கிக் கணக்கு எண், மருத்துவ விடுப்புக்கான காரணம், வாடிக்கையாளரின் முகவரி ஆகியவை அவற்றில் உள்ளன. அவை தேவையற்றவர் கண்ணில் படுவது அந்தந்த மனிதருக்கு இழைக்கும் தீங்கு. இந்தியாவின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தனிநபர் தரவைக் கையாளும் நிறுவனம் அதைக் காப்பதற்குத் தகுந்த பாதுகாப்பு நடவடிக்கைகளை எடுக்க வேண்டும் என்கிறது. அதில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க இடம் உண்டு. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய கடமைகளை விதிக்கிறது.

சிறு அமைப்புகளுக்கு

பெரிய அடைவு மென்பொருள் இல்லாத சிறு நிறுவனம், கூட்டுறவுச் சங்கம், பள்ளி அலுவலகம் ஆகியவற்றிலும் இக்கொள்கைகளைக் கடைப்பிடிக்கலாம். பகிரப்பட்ட கோப்புறைகளுக்கும் விரிதாள்களுக்கும் ஆள்வாரியாக அனுமதி தராமல் மின்னஞ்சல் குழு வழியாகத் தரலாம். ஒரே கடவுச்சொல்லை நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். யார் செய்தது என்று அறிய முடியாத இடத்தில் எந்தக் குழுவும் பயன் தராது. பணி ஒப்படைப்புப் பட்டியலில் சாவி, மடிக்கணினி, அடையாள அட்டை ஆகியவற்றோடு "குழுக்களிலிருந்து நீக்கப்பட்டார்" என்று ஒரு வரியும், நீக்கியவரின் கையொப்பத்துக்கு ஓர் இடமும் சேர்த்தால் போதும். செலவில்லாத இந்த ஒரு வரி, யாரும் வந்து கேட்காத வேலையையும் ஒருவருடைய பொறுப்பாக்கிவிடுகிறது.